கிழக்காசியாவை இரண்டாக அறுத்த வானமாமலை

வானமாமலை மும்பை தாராவியில் தொண்ணூறடி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், அங்கே சொல்கிற மாதிரி சொன்னால் ஒரு கல்லியில், தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். வயது ஐம்பத்து நாலு. கட்டில், பீரோ செய்கிற தச்சர் இல்லை. பொருட்காட்சிகளுக்கு வேண்டியதைச் செய்து கொடுப்பவர். பல் டாக்டர்கள் மாநாடு என்றால் ஆள் உயரத்துக்கு ஒரு கடைவாய்ப்பல். பம்ப் செட் கண்காட்சி என்றால் யானை அளவுக்கு ஒரு பம்ப் செட். காது மெஷின் விற்கிற கம்பெனி ஒன்றுக்காக ஒன்பதடியில் காது செய்து, அதன் மடலில் சாய்ந்துகொண்டே மத்தியானச் சாப்பாட்டை முடித்திருக்கிறார். பொருட்காட்சி மூன்று நாள். நாலாம் நாள் எல்லாம் குப்பை. அவர் செய்த எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது கிடையாது. அதில் அவருக்கு வருத்தமே இல்லை. அளவு தப்பினால்தான் வருத்தம்.

அளவு விஷயத்தில் அவர் ஒரு மாதிரியான ஆள். மனைவி மாரிசெல்வி மாஹிமில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறாள். "தோசை கொஞ்சம் கோணிட்டா போதும், கட்சி மாறின எம்எல்ஏவைப் பாக்குத மாதிரி பாப்பாக" என்பாள். அதோடு இன்னொரு பழக்கமும் உண்டு. கொடுத்த அளவுக்கு வெட்டிவிட்டுப் பேசாமல் இருக்க மாட்டார். ஏன் இந்த அளவு என்று காரணம் தெரிய வேண்டும். கடைவாய்ப்பல் செய்தபோது, பல்லுக்கு எதற்கு இரண்டு வேர் என்று டாக்டரை மூன்று நாள் விடாமல் கேட்டார். நாலாம் நாள் டாக்டர் இவரை நாற்காலியில் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்து, "நீங்களே எண்ணிக்கோங்க" என்றாராம்.

எனக்கு அவர் பழக்கமானது போன வருஷம் பிப்ரவரியில். நான் செம்பூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். கீழ்த்தளத்து அரங்கத்தின் சாவியும் என்னிடம்தான். அங்கே செயற்கை நுண்ணறிவு பற்றி இரண்டு நாள் சர்வதேச மாநாடு ஏற்பாடாகியிருந்தது. ஏற்பாட்டு வேலையெல்லாம் ஹரி பொறுப்பு. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பையன், முப்பது வயது, நிகழ்ச்சி நடத்திக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் இருக்கிறான். தமிழ் நன்றாகப் பேசுவான். எழுதிக் காட்டினால் படம் பார்க்கிற மாதிரி பார்ப்பான்.

ஹரி வானமாமலைக்கு போன் செய்தான்.

"மிஸ்திரி, சூப்பர் வேலை ஒண்ணு இருக்கு. ஏஐ மாநாடு."

"எந்த ஐ?"

"ஏஐ. கம்ப்யூட்டர் தானாவே யோசிக்கறது இல்லையா, அது. அதைப் பத்தி உலகத்துல எந்தப் பக்கத்துலேர்ந்து எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை வர்றதுன்னு வாசல்லயே காட்டணும். ஏழு தூண். நெறைய எழுதறவாளுக்கு உசரமா, கம்மியா எழுதறவாளுக்குக் குட்டியா. வாட்ஸப்ல அளவு போட்டிருக்கேன் பாருங்கோ. அப்படியே வெட்டிண்டு வந்துடுங்கோ. அவ்ளோதான்."

வானமாமலை பார்த்தார். கிழக்காசியா பதிமூன்று அடி. அதற்குக் கீழே ஐரோப்பா, வட அமெரிக்கா. தெற்காசியா நாலடி சொச்சம். மேற்காசியா, லத்தீன் அமெரிக்கா இரண்டும் முழங்காலுக்குக் கீழே. ஆப்பிரிக்கா ஒரு ஜாண்.

"ஹரி தம்பி, ஆப்பிரிக்கா அம்புட்டுப் பெரிய கண்டம்லா. ஏன் ஒரு ஜாணு?"

"டேட்டா அப்படி, மிஸ்திரி."

"டேட்டா ஏன் அப்படி?"

ஹரி லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டான்.

பட்டறையில் அவருக்குக் கூட்டாளி ஜெயினுலாப்தீன். காயல்பட்டினத்துக்காரர். அறுப்பதும் பொருத்துவதும் வானமாமலை. மைக்கா ஒட்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் ஜெயினுலாப்தீன். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். ஜெயினுலாப்தீனுக்கு எதற்கும் காரணம் வேண்டாம். என்ன கலர் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

"ஜெயினு, இந்தக் கிழக்காசியாவுல ஏன்வே இம்புட்டுக் கட்டுரை எழுதுதாங்க?"

"ஜனம் ஜாஸ்தி."

"ஜனம் நமக்கும் ஜாஸ்திதானே?"

"நம்ம ஜனத்துக்கு எழுத எங்கவே நேரம்? லோக்கல் ரயில்ல ஏறி எறங்கவே பொழுது போயிருது. கிழக்காசியாவுக்குச் செவப்பு அடிக்கவா, ஆரஞ்சு அடிக்கவா?"

ஐந்து நாளில் ஏழு தூணும் தயாராகிவிட்டன. உள்ளே சட்டம், வெளியே பிளைவுட், மேலே பளபளவென்று மைக்கா. ஆறாவது நாள் காலை டெம்போ வந்து கல்லி முனையில் நின்றது. ஆறு தூண் பேசாமல் போய்ச் சேர்ந்தன. கிழக்காசியா மட்டும் போகவில்லை.

கல்லியின் அகலம் நாலடி. பாதி தூரத்தில், தண்ணீர்க் குழாய் பக்கம், ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்தில் பதிமூன்று அடி திரும்பாது. படுக்கவைத்துப் பார்த்தார்கள். நிமிர்த்திப் பார்த்தார்கள். நிமிர்த்தினால் மேலே கேபிள் டிவி வயர். கடைசியில் சாய்வாகத் தூக்கி, மேல்நுனியைத் திருப்பத்தில் இருக்கிற ருக்சானா வீட்டு ஜன்னலுக்குள் கொஞ்சம் விட்டுத் திருப்பலாம் என்று முடிவானது. கொஞ்சம் என்பது நாலடியாகிவிட்டது. உள்ளே ருக்சானா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய், இது என்னது? யாரு இதை உள்ள விடுறது?"

"கிழக்காசியா, ருக்சானாக்கா! ஒரு நிமிஷம்!" என்றார் ஜெயினுலாப்தீன் தெருவிலிருந்து.

"எந்த ஏசியாவா இருந்தாலும் என் அடுப்புக்கு மேல கொண்டாராதீங்க. பால் வச்சிருக்கேன்!"

இதற்குள் கல்லியில் இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்துவிட்டது. குடம், சிலிண்டர், பள்ளிக்கூடப் பைகள், ஒரு ஸ்கூட்டர். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். எல்லா யோசனையும் ஒரே நேரத்தில் நடந்தது. பால் பாத்திரம் கவிழவில்லை. முருங்கைக்காய் மட்டும் இரண்டு நசுங்கின. வானமாமலை பத்து நிமிஷம் யோசித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கிழக்காசியாவைச் சரியாக ஆறரை அடியில் இரண்டாக அறுத்தார். அங்கே போய் போல்ட் போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். தான் செய்ததைத் தானே அறுப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. அன்றைக்குள் இன்னும் எத்தனை தடவை அறுக்கப்போகிறார் என்பது அப்போது தெரியாது.

வழியில் சயான் சிக்னலில் ஒரு போலீஸ் ஹவல்தார் டெம்போவை நிறுத்தி, பின்னால் என்ன என்று கேட்டாராம். "யூரோப் ஹை, சாப்" என்றிருக்கிறார் வானமாமலை. ஹவல்தார் ஒரு தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே காலியாகத்தான் இருக்கிறது, போ என்று விட்டுவிட்டார்.

மாநாடு மறுநாள் தொடங்குவதாக இருந்தது. பதினொரு மணிக்கு அரங்க வாசலில் ஏழு தூணும் வரிசையாக நின்றன. நான் நூலகத்திலிருந்து வந்து பார்த்தேன். நிஜமாகவே அழகாக இருந்தது. அப்போதுதான் ஜோஸ்பின் வந்தாள்.

ஜோஸ்பின் எங்கள் கல்லூரிப் பேராசிரியை. நாற்பது வயது இருக்கும். சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம். வளர்ந்தது டிராம்பேயில், அப்பா அங்கே ஆலையில் வேலை பார்த்தார். எந்த நாட்டில் எவ்வளவு ஆராய்ச்சி நடக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. தூண்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, வேலை பிரமாதம். ஆனா அளவு தப்பு."

வானமாமலையின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து டேப்பை உருவிவிட்டார்.

"அளவு தப்பா? அளந்து காட்டட்டுமா?"

"உங்க அளவு சரி, அண்ணாச்சி. எங்க அளவுதான் தப்பு. இது எத்தனை கட்டுரைங்கிற கணக்கு. எங்க கூட்டத்துல பேசப்போறது, எழுதின கட்டுரையை மத்தவங்க தங்க கட்டுரையில எத்தனை தடவை எடுத்துச் சொல்றாங்கங்கிறது. ஹரிகிட்ட பழைய பட்டியல் போயிருச்சு."

"அது எப்படி வேற ஆகும்?"

"உங்க கல்லியில பத்துத் தச்சர் இருக்காங்கன்னு வைங்க. ஒருத்தர் மாசம் நூறு ஸ்டூல் போடுறார். நீங்க ஒண்ணே ஒண்ணு போடுறீங்க. ஆனா மத்த ஒன்பது பேரும் 'வானமாமலை அண்ணாச்சி போடுற மாதிரி'ன்னு உங்களைச் சொல்லித்தான் வேலை பாக்குறாங்க. யார் உசத்தி?"

"ஸ்டூல் ஆடுமா ஆடாதா?" என்றார் வானமாமலை.

"அதை அளக்க எங்களுக்கு இன்னும் வழி தெரியலை, அண்ணாச்சி" என்று ஜோஸ்பின் ஒத்துக்கொண்டாள்.

புதுப் பட்டியல்படி வட அமெரிக்கா வளர வேண்டும், கிழக்காசியா குறைய வேண்டும். கிழக்காசியாவிலிருந்து மூன்றடி அறுத்து வட அமெரிக்காவின் தலையில் ஒட்டினார். பக்கத்தில் நின்று ஜெயினுலாப்தீன் கேட்டார்: "செவப்பு மேல நீலம் அடிக்கணுமே, ஒத்துக்கிடுமாவே?"

அறுத்துக்கொண்டிருக்கும்போதே வானமாமலைக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ரம்பத்தை நிறுத்தினார்.

"ஏன் டீச்சர், எங்க அக்கா மவன் அமெரிக்காவுல இந்தக் கம்ப்யூட்டர் வேலைதான் பாக்கான். அவன் எழுதினா எந்தத் தூண்ல சேப்பீக?"

"வட அமெரிக்காவுல."

"அவன் பாளையங்கோட்டையிலல்லா படிச்சான்?"

"எந்த விலாசத்துல இருந்து எழுதுறாங்களோ, அதுதான் கணக்கு."

"ரேசன் கார்டு மாதிரி."

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"சரி. அவனும் ஒரு ஜப்பான்காரனும் சேந்து எழுதினா?"

"சிலர் ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணுன்னு எண்ணுவாங்க. சிலர் அரை அரைன்னு பிரிப்பாங்க."

"அப்ப ஒரே கட்டுரை ஒருத்தர் கணக்குல ஒண்ணு, இன்னொருத்தர் கணக்குல ரெண்டு!" என்று அதிர்ந்துபோனார் வானமாமலை. முப்பது வருஷமாக அவர் பிடித்த டேப்பில் ஓரடி ஓரடியாகத்தான் இருந்திருக்கிறது.

ஒரு மணிக்கு மாநாட்டுத் தலைவர் வந்தார். பெரிய மனிதர், டை கட்டியவர், வடக்கே எங்கேயோ இருந்து முந்தின நாள்தான் விமானத்தில் வந்திறங்கியிருந்தார். ஜனத்தொகை பார்க்காமல் ஒப்பிடுவது நியாயமே இல்லை, தலைக்கு எத்தனை என்று காட்டுங்கள் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். ஹரி கம்ப்யூட்டரில் தட்டி அளவு சொன்னான். ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் ஏறின. கிழக்காசியா இன்னும் குறைந்தது. தெற்காசியா நாலடியிலிருந்து நாலு அங்குலத்துக்கு வந்தது. வானமாமலை அறுத்துக் கீழே வைத்தார். பார்க்க வாசல்படி மாதிரியே இருந்தது.

தலைவர் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டே திரும்பி வந்து, அதை வாசல்படி என்றே நினைத்து மிதித்து ஏறினார்.

"யே க்யா ஹை?"

"தெற்காசியா, சார்" என்றான் ஹரி மெல்ல.

தலைவர் சட்டென்று காலை எடுத்துக்கொண்டார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஊர் ஊரிலிருந்தும் விருந்தாளிகள் வரப்போகிறார்கள், நம் வீட்டு வாசலில் நம்மையே மிதித்துக்கொண்டு உள்ளே போவதா, எவ்வளவு வேகமாக வளருகிறோம் என்பதைக் காட்டுங்கள் என்றார். ஹரி மறுபடி தட்டினான். அந்தக் கணக்கில் குட்டித் தூணெல்லாம் விறுவிறுவென்று மேலே போனது, பெரிய தூணெல்லாம் குனிந்தது. போன வருஷம் ஒன்று எழுதியவன் இந்த வருஷம் மூன்று எழுதினால் மூன்று மடங்கு; ஆயிரம் எழுதியவன் இன்னும் நூறு எழுதினாலும் ஒரு துளிதான்.

மூன்று மணிக்கு வானமாமலை ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். சுற்றிலும் துண்டு துண்டாக உலகம் கிடந்தது. தெற்காசியாவின் அடியில் கிழக்காசியா, நடுவில் கொஞ்சம் ஐரோப்பா, உச்சியில் யாருடையது என்று அவருக்கே தெரியாத ஒரு பச்சை. மரத்தூளில் உட்கார்ந்து, ஜோஸ்பின் வாங்கிக் கொடுத்த அரை கிளாஸ் கட்டிங் சாயைக் குடித்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன். நாலு அளவுல எது நெசம்?"

"நாலும் நிஜந்தான், அண்ணாச்சி. ஒவ்வொண்ணும் ஒரு பக்கத்தைக் காட்டும்."

"நாலும் நெசம்னா, நாலையும் காட்டுத மாதிரி செய்யணும். ஒண்ணுக்காக இன்னொண்ணை இனி நான் அறுக்க மாட்டேன்."

அப்படியே எழுந்து என்னிடம் வந்தார். நூலகத்தில் வேண்டாத மேஜை ஏதாவது கிடக்கிறதா என்றார். இருந்தது. புத்தகம் வாங்கிக் கொடுக்கிற பழைய நீளக் கவுண்டர், மார்பு உயரம், உள்ளே காலி. இரண்டு வருஷமாக அதன் மேல் பூனை மட்டும்தான் படுத்திருந்தது. பூனையை இறக்கிவிட்டு, நாலு பேராகத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

அவர் செய்தது இதுதான். கவுண்டரின் மேல்பலகையில் வரிசையாக ஏழு சதுர ஓட்டை. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் மூன்றடியில் ஒரு பெட்டித் தூண், லேசாக மேலும் கீழும் போய்வருகிற மாதிரி. தூணில் மூன்று அங்குலத்துக்கு ஒரு துளை. தூணை வேண்டிய உயரத்துக்குத் தூக்கி, துளையில் ஒரு மர முளையைச் செருகினால், முளை பலகையில் தங்கி, தூண் அப்படியே நிற்கும். நாலு கேள்விக்கும் நாலு அட்டை: எத்தனை கட்டுரை, எத்தனை பேர் எடுத்துச் சொன்னது, தலைக்கு எத்தனை, எவ்வளவு வேகம். எந்த அட்டையை மாட்டுகிறோமோ அதற்கு ஏற்ற மாதிரி தூணை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். எந்தத் தூண் எத்தனாவது துளை என்று ஜோஸ்பின் ஒரு தாளில் எழுதி ஒட்டினாள். ஆறு மணிக்கு முன்னாலேயே வேலை முடிந்துவிட்டது. ஜெயினுலாப்தீன் ஏழு கலரும் அடித்துவிட்டு, "இனிமே யாராச்சும் அளவை மாத்தினா நான் மாஹிம் கடல்ல போய் விழுந்திருவேன்" என்றார்.

மறுநாள் காலை, முதல் அட்டை மாட்டியிருந்தது: எத்தனை கட்டுரை. தூண்களெல்லாம் சரியான உயரத்தில் நின்றன. பழுது ஏதாவது வந்தால் பார்க்க வேண்டும் என்று வானமாமலையை இரண்டு நாளும் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலில் உட்காரச் சொல்லியிருந்தான் ஹரி. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

பத்தரை மணிக்கு என்னைக் கூப்பிட்டார்.

"தெற்காசியா ரெண்டு முளை ஏறியிருக்கு."

"தானாகவா?"

"தானா எப்படி ஏறும்? டை கட்டினவர் இந்தப் பக்கமா வந்தாரு. சுத்தி முத்திப் பாத்தாரு. தூக்கிச் செருகிட்டுப் போயிட்டாரு."

வானமாமலை இறக்கிச் சரியாக வைத்தார். ஐந்து நிமிஷத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு மெலிந்த மனிதர் காபி குடித்தபடியே அங்கே சாய்ந்து நின்றார். அவர் போன பிறகு பார்த்தால், ஐரோப்பா ஒரு முளை உயரம். பிறகு லத்தீன் அமெரிக்காவிலிருந்து இரண்டு பேர். ஒருவர் மறைத்துக்கொண்டு நிற்க, இன்னொருவர் தூக்கினார். கிழக்காசியா ஏற்கெனவே உச்சியில் இருந்ததால் அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் வேறு என்ன செய்வது என்று தெரியாமல், பக்கத்துத் தூணை ஒரு முளை இறக்கிவிட்டுப் போனார். எல்லாரும் படித்தவர்கள், பெரிய பெரிய பல்கலைக்கழகம். ஒருத்தராவது ஒட்டியிருந்த தாளைப் பார்க்க வேண்டுமே!

வானமாமலை சளைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய்ச் சரிசெய்தார். காதில் இருந்த பென்சிலை எடுத்து, மிச்சம் கிடந்த ஒரு பிளைவுட் துண்டில் கோடு போட்டு எழுதவும் ஆரம்பித்தார். எந்தப் பக்கத்து ஆள், எந்தத் தூண், எத்தனை முளை, எத்தனை மணிக்கு. ஒரு மணிக்கு இயற்கை அழைப்புக்காகப் போய்விட்டுப் பத்து நிமிஷத்தில் வந்து பார்த்தால், ஏழு தூணும் உச்சியில் ஒரே மட்டமாக நின்றன. ஹரி ஓடி வந்து, "வாவ், மிஸ்திரி, செம சமத்துவம்!" என்று செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

அப்போதுதான் நைரோபியிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி அங்கே வந்தாள். நெடுநெடுவென்று உயரம், மஞ்சள் உடுப்பு. பெயர் வாஞ்சிரு. தாளைப் படித்தாள், தூண்களைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். பிறகு ஆப்பிரிக்காவின் முளையை உருவி, தூணைக் கீழே இறக்கி, தாளில் இருந்த இடத்தில் சரியாகச் செருகினாள். அந்த இரண்டு நாளில் தன் தூணைத் தானே இறக்கியது அவள் ஒருத்திதான்.

வானமாமலை எழுந்து நின்றுவிட்டார். கையால் ஜாடை காட்டி ஏன் என்று கேட்டார். ஜோஸ்பினை அழைத்து வந்து மொழிபெயர்க்கச் சொன்னோம்.

"உசரமாக் காட்டினா, இவங்களுக்கு எல்லாம் இருக்குன்னு நினைச்சு யாரும் ஒரு கம்ப்யூட்டர்கூடத் தர மாட்டாங்களாம், அண்ணாச்சி. இந்த ஆராய்ச்சிக்கு ரொம்பப் பெரிய கம்ப்யூட்டர் வேணும். அது பாதி ஊர்ல கிடையாது. அவங்க மாணவர்கள் ராத்திரி பகலா வரிசையில காத்திருந்து ஓட்டுறாங்களாம். ஒரு ஜாண்னா ஒரு ஜாண்னே இருக்கட்டும், அது ஏன் ஒரு ஜாண்னு பாக்கிறவங்க கேக்கட்டும்னு சொல்றாங்க."

"அதைத்தானே நானும் மொத நாளே கேட்டேன்!" என்றார் வானமாமலை. ஹரியைப் பார்த்தார். ஹரி போனைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு அந்த ஸ்டூல் பக்கத்தில் இன்னொரு நாற்காலி வந்துவிட்டது. கூட்டம் இல்லாத நேரமெல்லாம் வாஞ்சிரு அங்கேதான். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. அவர் அவளை 'வாஞ்சியம்மா' என்று கூப்பிட்டார். அவள் அவரைப் 'பாபா' என்றாள், அவள் ஊரில் அப்பா என்று அர்த்தமாம். யாராவது தூணைத் தொட்டால் இரண்டு பேரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்கள். தொட்டவர் தலையைச் சொறிந்துகொண்டே போய்விடுவார். இரண்டாம் நாள் மத்தியானம் அவள் அந்தப் பிளைவுட் துண்டை எடுத்துப் பார்த்தாள். கோடு கோடாக, பென்சிலில், மணியோடு. ஜோஸ்பினைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் அரைமணி நேரம் குசுகுசுவென்று பேசினார்கள்.

"அண்ணாச்சி, இது என்னன்னு தெரியுதா?"

"கோடு."

"இது டேட்டா. ஆராய்ச்சியாளர்கள் தங்க பகுதியைப் பத்திய அளவை, யாரும் பாக்கலைன்னா எவ்வளவு கூட்டிக்கிடுவாங்கங்கிறதுக்கு டேட்டா. இதை வேற யாரும் அளந்ததே இல்லை. நாங்க எழுதப்போறோம். உங்க பேரும் வரும்."

அவர் சிரித்தார். சும்மா சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, தூண்களைக் கழற்றி டெம்போவில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சும்மா சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து ஜோஸ்பின் என்னையும் அழைத்துக்கொண்டு தாராவிக்குப் போனாள். லேப்டாப்பில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, குடும்பப் பேர்னு ஒண்ணு கேக்குது."

"எனக்கு ஒரு பேர்தான். வானமாமலை."

"காலியா விட்டா அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேங்குதே."

"அப்ப ரெண்டு எடத்துலயும் அதையே போடுங்க."

போட்டாள். வானமாமலை வானமாமலை.

"ஏன்வே, ஒரு ஆளுக்கு ரெண்டு பேரா?" என்றார் ஜெயினுலாப்தீன் பெயிண்ட் டப்பாவைக் கலக்கிக்கொண்டே.

அடுத்து, எந்த நிறுவனம் என்று கேட்டது. பட்டறைக்குப் பெயரே கிடையாது. எந்த நிறுவனத்தையும் சேராதவர் என்றால் சுயேச்சை என்று போடலாமாம்.

"சுயேச்சையா?" என்றார் வானமாமலை பயந்துபோய். "சின்னம் என்ன?"

மாரிசெல்வி அப்போதுதான் டியூட்டி முடித்து வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். "ரம்பம்னு போடச் சொல்லுங்க. ஊரையே அறுத்த ஆளுதானே" என்றாள்.

கட்டுரை வந்துவிட்டது. இரண்டரைப் பக்கம். முதலில் வாஞ்சிரு, பிறகு ஜோஸ்பின், மூன்றாவது வானமாமலை வானமாமலை, தாராவி. மூன்றில் ஒரு பங்கு ஆப்பிரிக்கா, இரண்டு பங்கு தெற்காசியா என்று அவரே பிரித்துச் சொன்னார். ஜோஸ்பின் எடுத்துக் கொடுத்த பிரதியைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்தார். கோணலாக இருக்கிறது என்று நாலு தடவை எடுத்து ஒட்டினார்.

போன மாதம் ஜோஸ்பின் போன் செய்தாள். சியோலிலிருந்து ஒருவர் தன் கட்டுரையில் இவர்களுடையதை எடுத்துச் சொல்லியிருக்கிறாராம். வானமாமலை அப்போது காட்கோபரில் ஒரு பாத்திரக் கண்காட்சிக்காக ஆறடி இட்லிக் கொப்பரைக்கு மூடி பொருத்திக்கொண்டிருந்தார். வாயில் இருந்த ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, "என்ன சொல்லியிருக்காக?" என்றார்.

"உங்க அளவு முறை அவ்வளவு துல்லியமா இல்லைன்னு சொல்லியிருக்காரு, அண்ணாச்சி. ரெண்டு துளைக்கு நடுவுல மூணு அங்குலம் ரொம்ப ஜாஸ்தியாம். சின்ன மாத்தமெல்லாம் தெரியாமப் போயிருக்குமாம்."

மூடியைக் கீழே இறக்கிவைக்கிற சத்தம் கேட்டதாம். அப்புறம், "அவரு சொல்லுதது சரிதான். ஒண்ணரை அங்குலத்துக்குத் துளை போட்டிருக்கணும். நானும் அன்னைக்கே நெனச்சேன், நேரமில்லை" என்றாராம். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "ஆனா ஒண்ணு, டீச்சர். துளை நெருங்கிப்போனா பிளைவுட் தாங்காது, கீறிரும். எட்டு எம்எம் போதாது, பன்னிரண்டு வேணும். அதை அவருக்கு எழுதிரலாமா?"

எழுதினார்கள். அவர் இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ஜோஸ்பின் போனில் கேட்டுத் தட்டினாள். ஒரு பக்கத்துக்கும் குறைவுதான். பிளைவுட்டின் கனம் பற்றி மட்டும் ஆறு வரி.